'சட்டப் பின்னணி தேவையில்லை' என்று அறிவித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிற துறையினருக்கான முதுகலைச் சட்டப் படிப்பை நடத்தும் சட்டப்புலத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். முதல் பருவத்தின் முதல் விடைத்தாள்கள் திருத்தி வந்துவிட்டன. மருத்துவர், பொறியாளர், கணக்காயர், மனிதவள மேலாளர் என்று யாருடைய தாளைப் புரட்டினாலும் ஓரத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: 'விவரணை மட்டுமே உள்ளது, சட்டப் பகுப்பாய்வு இல்லை.' அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. சட்டப் பகுப்பாய்வு என்றால் என்ன என்று அதுவரை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத ஒன்றுக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறீர்கள்.

சேர்க்கை அறிவிப்பில் 'சட்டப் பின்னணி தேவையில்லை' என்று எழுதியது நீங்கள்தான். அதை நம்பித்தான் இவர்கள் சேர்ந்தார்கள். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பருவம் தொடங்குமுன், சட்டத்தை வாசிக்கவும் எழுதவும் கற்றுத்தரும் 12 மணி நேரப் பயிற்சி ஒன்றைத் தாருங்கள். அதன் முடிவில் மதிப்பெண் இல்லாத ஒரு விடையை எழுத வைத்து, குறிப்புகளோடு திருப்பிக் கொடுங்கள். இரண்டுக்கும் தனிக் கட்டணம் வேண்டாம்.

அந்த ஒற்றை வரி ஒரு மாணவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். கட்டுமான ஒப்பந்தப் பாடத்தில் வழக்கமாக வரும் கேள்வி இது: தோண்டும்போது எதிர்பாராத பாறை தட்டுகிறது, வேலை தாமதமாகிறது, ஒப்பந்ததாரர் பாறை தட்டிய 40ஆம் நாள் கூடுதல் காலம் கேட்டுக் கடிதம் கொடுக்கிறார். ஒப்பந்தம், பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு (ஃபிடிக்) வெளியிட்ட மாதிரி ஒப்பந்தமான 1999ஆம் ஆண்டின் சிவப்புப் புத்தகப்படி ஆனது. காலம் கிடைக்குமா? பொறியாளர் மூன்று பக்கம் எழுதுவார். மண் பரிசோதனை எங்கே பிசகியது, பாறையை உடைக்க என்ன இயந்திரம் வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். துறை அறிவில் ஒரு பிழையும் இருக்காது. 'தாமதம் ஒப்பந்ததாரரின் தவறல்ல, எனவே காலம் தரவேண்டும்' என்று முடிப்பார். இத்தனை ஆண்டுகளாக அலுவலகத்தில் அவர் எழுதிப் பாராட்டு வாங்கிய அறிக்கைகள் அப்படித்தான் இருந்தன.

கேள்வி கேட்பதோ வேறு. 20.1ஆம் பிரிவின்படி ஒப்பந்ததாரர் நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்பு தரவேண்டும். தவறினால் கூடுதல் காலமும் கிடையாது, பணமும் கிடையாது. அப்படியானால் அந்த 28 நாளை எங்கிருந்து எண்ணுவது? பாறை தட்டிய நாளிலிருந்தா, வேலையில் தாமதம் ஏற்படத் தொடங்கிய நாளிலிருந்தா? ஜிப்ரால்டர் விமான நிலையச் சாலை, சுரங்கப்பாதை வழக்கில் 2014இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை ஒப்பந்ததாரருக்குச் சாதகமாகச் சற்றுத் தாராளமாகப் படித்தது. அது இங்கே பொருந்துமா? பணியிடக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பாறையைப் பற்றி ஒரு வரி இருந்தால், அதை எழுத்துமூல அறிவிப்பாகக் கொள்ளலாமா? இரு தரப்பு வாதத்தையும் வைத்து, எது வலுவானது, ஏன் என்று எழுதுவதுதான் பகுப்பாய்வு. பாறைக்கு ஒரு வரி போதும். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் காட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நீங்கள் இன்னும் ஒதுக்கவில்லை.

மருத்துவர் வேறோர் இடத்தில் சறுக்குகிறார். 1957ஆம் ஆண்டு போலம் வழக்கு அவருக்கு ஏற்கெனவே பழக்கம். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் நடைமுறைப்படி நடந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்பது அதன் சாரம். இதை ஒரு சிகிச்சை வழிகாட்டி போல எடுத்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சையின் அபாயத்தை நோயாளியிடம் சொல்லாமல் விட்ட கேள்விக்கும் பொருத்திவிடுகிறார். போலம் என்பது நடுவர் குழுவுக்கு (ஜூரிக்கு) விசாரணை நீதிபதி ஒருவர் சொன்ன விளக்கம். அந்த மருத்துவக் கருத்து தர்க்கத்துக்கு நிற்கவேண்டும் என்று 1997இல் பொலித்தோ வழக்கில், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரம்பு வைத்தது. அபாயத்தைத் தெரிவிக்கும் கடமைக்குப் போலம் அளவுகோல் செல்லாது என்று 2015இல் மான்ட்கோமெரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பைக் கையில் எடுத்ததும் 'எந்த நீதிமன்றம், நம்மைக் கட்டுப்படுத்துமா, இதன்பின் என்ன வந்தது' என்று பார்க்கும் பழக்கம் தானாக வருவதில்லை. சட்டக் கல்லூரியில் உங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள்.

வாசிப்புப் பட்டியலும் அப்படித்தான். முதல் வாரமே முழுத் தீர்ப்புகளைக் கொடுத்துவிடுகிறீர்கள். அவற்றில் டோனஹு எதிர் ஸ்டீவன்சன் (1932) தவறாமல் இருக்கும். அந்த வழக்கு 3க்கு 2 என்ற கணக்கில், வழக்குத் தொடுத்த பெண்ணுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் தீர்ப்பு அறிக்கையில் முதலில் அச்சாகியிருப்பது பக்மாஸ்டர் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பு. கதைபோல முதல் பக்கத்திலிருந்து படித்துவருபவர், நத்தை கிடந்த பானத்தைக் குடித்த பெண் தோற்றுவிட்டார் என்று குறித்துவைத்துக்கொள்கிறார். வேறு தீர்ப்புகளில், வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொல்லும் பத்தியை நீதிபதியின் கருத்தென்று அடிக்கோடிடுகிறார். இவர்கள் கவனமில்லாமல் படிப்பவர்கள் அல்லர். வேலை முடிந்து வந்து, இரவு 11 மணிக்குமேல் ஒவ்வொரு வரியாகப் படிப்பவர்கள். படிக்கும் முறை தெரியாததால் ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய தீர்ப்பு நான்கு இரவுகளை விழுங்குகிறது.

முதல் பருவத்திலேயே 'சட்ட முறையியல்' தாள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வாசிப்பு அதில் எட்டாவது வாரத்தில் வருகிறது, மற்ற தாள்களின் ஒப்படைப்பு நான்காவது வாரத்தில் வருகிறது. அனுபவமுள்ளவர்கள், தாமாகவே படித்துக்கொள்வார்கள் என்றும் ஒரு பதில் வரும். புத்தகத்தைத் தாமாகப் படிக்கலாம். தன் விடையில் எந்த வாக்கியம் சட்டம், எது துறைக் கருத்து என்று பிரித்துக் காட்ட இன்னொருவர் வேண்டும்.

12 மணி நேரம் எப்படிப் போதும் என்றால், இரண்டு மணி நேரமாக ஆறு அமர்வுகள். முதல் அமர்வில் நீதிமன்ற அடுக்கும், வழக்கு மேற்கோளைப் படிக்கும் விதமும். ஆண்டு சதுர அடைப்புக்குள் இருந்தால் தொகுதியைத் தேட அந்த ஆண்டு வேண்டும், வளைந்த அடைப்புக்குள் இருந்தால் தொகுதி எண்ணே போதும் என்று யாராவது சொல்லிவிட்டால் நூலகத்தில் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும். அடுத்த இரண்டு அமர்வுகள் ஒரே ஒரு தீர்ப்புக்கு. எழுவினா (நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்வி) எது, முடிவைத் தாங்கும் காரணம் எது, போகிறபோக்கில் சொன்னது எது என்று பத்திவாரியாகப் பிரித்தால் போதும். நான்காவது அமர்வு சட்டப் பிரிவுக்கு. வரையறையில் 'என்பது' என்று வந்தால் பொருள் அதோடு முடிகிறது, 'உள்ளடங்கும்' என்று வந்தால் விரிகிறது. 'உட்பட்டு' என்ற சொல் அந்தப் பிரிவை இன்னொன்றுக்குக் கீழே வைக்கிறது, 'எது எப்படியிருப்பினும்' என்பது மேலே தூக்குகிறது. கணக்காயர்கள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் தவறவிடுவது வரம்புரையையும் (பிரிவுக்கு விதிவிலக்கோ நிபந்தனையோ சொல்லும் பகுதி) அமலுக்கு வந்த தேதியையும்தான். கடைசி இரண்டும் விடை எழுத: பிரச்சினை, விதி, பொருத்துதல், முடிவு. பொருத்துதலில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள், அங்கேதான் நேரம் செலவாகவேண்டும்.

பிறகு 800 சொல்லில் ஒரு விடை. மதிப்பெண் வேண்டாம், பத்து நாளில் குறிப்புகளோடு திரும்பி வந்தால் போதும். ஒரு தாளுக்கு 20 நிமிடம் என்றால் 40 பேருக்கு 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு முதுகலைத் துறையால் இதுகூடவா முடியாது?

மடலைத் தொடங்கியபோது எழுத நினைக்காத ஒன்றும் மனத்தை உறுத்துகிறது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புக்கு எம்.எஸ்.எல்., எம்.எல்.எஸ்., எம்.ஜே. என்று தனிப் பெயர் வைத்திருக்கின்றன. வேறு பல இடங்களில் சட்டப் பட்டதாரிக்கும் பிறருக்கும் எல்.எல்.எம். என்ற ஒரே பெயர்தான். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்பதை அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடுகிறீர்கள். பணம் கட்டியபிறகு அதைப் படித்தவரின் முகத்தை ஒருமுறை நேரில் பார்த்திருந்தால், அந்த வரி முதல் பக்கத்துக்கு வந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இவர்களுடைய கட்டணமா, துறை அறிவா என்று கேட்கவேண்டியிருக்கிறது. பெயரைப் பற்றிய வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இப்போது கேட்பது அந்தப் பயிற்சியையும் மதிப்பெண் இல்லாத அந்த ஒரு விடையையும்தான். அடுத்த சேர்க்கை அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன் பாடத்திட்டக் குழு கூடி இதை முடிவு செய்யவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பருவத்து மாணவர்களுக்கு, திருத்திய தாள்களைத் திரும்ப எடுத்து, எந்தப் பத்தியில் பகுப்பாய்வு விடுபட்டது என்று ஒவ்வொன்றிலும் மூன்று வரியாவது எழுதிக் கொடுங்கள். இரண்டாவது ஒப்படைப்புக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது.

இப்படிக்கு,
பிற துறைகளிலிருந்து வந்து சட்டம் பயில்வோரும் அவர்களுக்குத் துணைநிற்போரும்