அமெரிக்கா மாதிரின்னா எந்த ஸ்டேட் மாதிரி?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைங்க மேல பாலியல் குற்றம் பண்றவங்க பேரை அமெரிக்கா மாதிரி லிஸ்ட் போட்டு வெளிய விடணும்னு உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. நான் கலிஃபோர்னியாவுல இருக்கேன், வீடு பாக்கும்போது ஸ்கூல் எப்படின்னு பாக்கறதுக்கு முன்னாடியே இந்த லிஸ்ட்டைத்தான் தேடுனேன், அதனால சொல்றேன். இங்க ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு கணக்கு.

1981ல ஃப்ளோரிடாவுல கடத்திக் கொன்ன 6 வயசுப் பையன் ஆடம் வால்ஷ் பேர்ல இந்த லிஸ்ட்டுக்காக 2006ல நாடு முழுக்கப் பொருந்தற ஃபெடரல் சட்டம் வந்துச்சு. குற்றத்தைப் பொறுத்து மூணு டியர், அதாவது படிநிலை; லிஸ்ட்ல பேர் இருக்கற காலம் 15 வருஷம், 25 வருஷம், ஆயுசு முழுக்க. மூணாவது டியர் ஆளு 3 மாசத்துக்கு ஒருக்கா நேர்ல போய் தன் விவரத்தை உறுதிப்படுத்தணும். இதுக்கு ஒத்துவராத ஸ்டேட்டுக்கு போலீஸ் கிராண்ட்ல 10 சதவீதம் வெட்டு. அப்படியும் கலிஃபோர்னியா, நியூயார்க் எல்லாம் முழுசா மாறல. ஒஹாயோ 2009லயே முதல் ஆளா மாறுச்சு, ஆனா பழைய கேஸ்காரங்க தலையிலயும் புது சட்டத்தைக் கட்டுனது செல்லாதுன்னு அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டே 2011ல சொல்லிடுச்சு.

இங்க கலிஃபோர்னியாவுல 1947ல இருந்து லிஸ்ட் இருக்கு, சின்ன கேஸோ பெரிய கேஸோ எல்லாருக்கும் ஆயுசு முழுக்கன்னு இருந்துச்சு, 2021லதான் 10 வருஷம், 20 வருஷம், ஆயுள்னு பிரிச்சாங்க. நியூயார்க்ல என்ன செக்‌ஷன்னு மட்டும் பாக்காம திரும்ப தப்பு பண்ணுவானான்னு எடை போட்டு லெவல் குடுக்கறாங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது (என் வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டாரு, அது வேற கதை). இந்த வருஷக் கணக்கை ஸ்டேட்டுங்க கிட்டயே விட்டுடலாம், ஆனா வீடு மாத்துனா எத்தனை நாள்ல சொல்லணும்ங்கறது மட்டும் நாடு முழுக்க ஒண்ணா இருக்கணும், ஃபெடரல் சட்டத்துல 3 வேலை நாள், இங்க 5 வேலை நாள், ஸ்டேட் விட்டு ஸ்டேட் ஓடறவனுக்கு இந்த இடைவெளியே போதும்ல?

இன்னொண்ணு, இந்தியாவுலயும் 2018 செப்டம்பர்ல இருந்து இப்படி ஒரு லிஸ்ட் இருக்குங்க, போலீஸ் மட்டும்தான் பாக்க முடியும். அந்த வாசகர் அதைப் பத்தி ஒரு வரி கூட எழுதல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கலிஃபோர்னியா