பேச எழுந்தவரை உட்கார வைத்துவிடாதீர்கள்

வேலூர் மாவட்ட ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் 18 வருஷமாக மைக் செட் கட்டுகிறவன் எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழாவோடு கிராம சபையும் எனக்குப் பழக்கம். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மேடையும் தெரியும், எதிரே இருக்கிற ஜனமும் தெரியும்.

ஒரு மே 1. பந்தலுக்குள்ளேயே அனல். கூலி வேலைக்குப் போகிற ஓர் அம்மா மைக்கைப் பிடித்தார். “எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, அதுவும்...” என்றபோதே மைக் ஊளையிட்டது. மேடைக்குக் கேட்கவில்லை என்று யாரோ ஸ்பீக்கர் பாக்ஸை மைக் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். ஓடிப்போய்த் திருப்பி வைத்தேன். அதற்குள் தலைவருக்கு போன். வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். அது முடியுமுன் டீ தட்டு வந்தது. அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். கை மெல்ல இறங்கியது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டத் தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ‘டக்’கென்ற அந்தச் சத்தம்தான் பந்தல் முழுக்கக் கேட்டது. தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தெருத் தண்ணீர் ஏறவேயில்லை.

வருஷத்துக்கு 6 கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றில் பேச்சு அறுந்தால் அடுத்ததற்கு ஒரு மாசத்திலிருந்து மூன்றரை மாசம் வரை காத்திருக்க வேண்டும். அவர் மறுபடி எழுந்து பேசுவார் என்பதும் நிச்சயமில்லை.

பாக்ஸிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதால்தான் ஊளை. பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், ஜனத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தக் கூடாது; வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்தால் போதும். டீயைத் தீர்மானம் முடிந்ததும் கொடுக்கலாம்.

ஆனால் எத்தனை ஏற்பாடு செய்தாலும் குழந்தை அழும், பஸ் ஹாரன் அடிக்கும், பின்வரிசையில் ரெண்டு பேர் சண்டை போடுவார்கள். அப்போது அதற்கு மேலே கத்தவோ ‘சீக்கிரம் முடிம்மா’ என்று விரட்டவோ வேண்டாம். சத்தம் அடங்கும்வரை பொறுங்கள். அடங்கினதும், “நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னீங்களே, மேல சொல்லுங்கம்மா” என்று விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். முதல்முறை மைக் பிடித்தவருக்கு நடுவில் தடுமாறினால் சொல்ல வந்ததே மறந்துவிடும். தலைவர் வாயால் அந்த ஒரு வரியைக் கேட்டால் தைரியம் திரும்பி வரும். வேறொரு ஊரில் ஒரு தலைவர் இப்படிச் செய்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு அடுத்தடுத்து மூன்று பெண்கள் எழுந்தார்கள்.

அடுத்த கிராம சபைக்குக் கால் மணி நேரம் முன்னாடியே எங்களை மைக் சோதிக்க விடுங்கள். பெண்கள் உட்காரும் பக்கம் தனியாக ஒரு மைக் போட்டுத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்து மைக் செட்காரன்