மில்லர் வீட்டுக் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் மாமியாருக்குப் போன மாதம் 80 முடிந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வருடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். "என் கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார், யாரைக் கட்டினார்? அதைக் கண்டுபிடித்துக் கொடு, போதும்" என்றார். போதுமாம்!

வீட்டில் இருந்தது இரண்டே செய்தி. ஊர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்றவர். பெயரோ மில்லர். ஜெர்மனியிலிருந்து வந்த ம்யூல்லர்கள் பலர் மில்லர் ஆகிவிட்ட ஊரில் அந்தப் பெயரைத் தேடுவது மதுரையில் மீனாட்சியைத் தேடுவது மாதிரி. யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த வம்சாவளியை நம்பி ஆறு மாதம் வேறொரு மில்லரின் பின்னால் அலைந்தேன். "ஆள் வேறம்மா, படைப்பிரிவு பொருந்தவில்லை" என்று என்னைத் திருப்பிவிட்ட சின்சினாட்டி பொது நூலகத்துப் பெண்மணிக்கு முதல் நன்றி. நம்மவர் இருந்தது 9ஆம் ஒஹாயோ காலாட்படை. ஏறக்குறைய முழுக்கவே ஜெர்மானியர்களைக் கொண்டு 1861இல் திரட்டிய படை அது.

அவர் கிடைத்தார். மனைவி கிடைக்கவில்லை. 1884 மார்ச்சில், ஒரு கொலை வழக்கின் தீர்ப்பைப் பொறுக்காத கூட்டம் சின்சினாட்டி நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது. கல்யாணப் பதிவுகளும் அதில் போயின. 1890 மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால், அதன் ஏடுகளைப் பெரும்பாலும் 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீ பாழாக்கிவிட்டது. ஒரு கிழவியை மறைக்க எத்தனை தீ!

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அவருடைய விதவை ஓய்வூதியக் கோப்பைப் படியெடுத்து அனுப்பியவர்களை எப்படி மறப்பேன்? 1890இல் வந்த சட்டப்படி மாதம் 8 டாலர். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 2 டாலர் கூடுதல். அதற்காக அந்த அம்மாள் பட்ட பாடு! நீ அவருக்கு மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? கல்யாணச் சான்று எங்கே? எரிந்துவிட்டது ஐயா. அப்படியானால் சாட்சி கொண்டு வா. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கூட வந்து சத்தியம் செய்திருக்கிறார். ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் நம் கொள்ளுப்பாட்டி கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். நம் ஊர்க் கைநாட்டுதான். அன்றைக்கு அவரைச் சந்தேகப்பட்ட அதிகாரிகளுக்கும் கொஞ்சம் நன்றி சொல்லத்தான் வேண்டும். நம்பியிருந்தால் கோப்பு நாலு தாளோடு முடிந்திருக்கும்.

இத்தனை தாளிலும் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. அங்கேதான் கும்பகோணத்துச் சித்தப்பா வந்தார். நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். போனில் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "சாட்சி போட்டவன் யாருன்னு பாரு. சாட்சிக்கு வர்றவன் வழிப்போக்கனா இருக்க மாட்டான்" என்றார். நான் கண்டுகொள்ளாமல் புரட்டிவிட்ட பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரை 1880 மக்கள்தொகைக் கணக்கில் தேடினேன். வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதன்முதலில் எழுதிய கணக்கு அது. ஆள் நம் மில்லர் வீட்டிலேயே குடியிருந்தார். உறவு: மைத்துனர்.

மைத்துனர் என்றால் மனைவியின் உடன்பிறந்தவரா, மில்லரின் தங்கையைக் கட்டியவரா? இதைத் தீர்த்தது ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் யாழ்ப்பாணத்துத் தோழி. ஜெர்மனியின் பாடன் பகுதித் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டை, அந்தச் சிலந்திவலைக் கையெழுத்தைப் படிக்கப் பழகிய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய், வரி வரியாகப் படித்து வாங்கி எனக்கு அனுப்பினாள். அண்ணனும் தங்கையும் ஒரே பக்கத்தில்! பெரியவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லிவிடு, தோழி.

பிறந்தநாளன்று மாமியார் கேக்கைத் தொடவில்லை. அந்தப் பெருக்கல் குறியின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் கல்லறையில் அரசு கொடுத்த கல் இருக்கிறது. அதில் அவர் பெயரும் படைப்பிரிவும் மட்டும்தான். பக்கத்தில் பாட்டிக்கும் ஒரு கல் வைக்கச் சொல்லியிருக்கிறார். பிறந்த வீட்டுப் பெயரோடு.

சித்தப்பா, நகல் ஒரு செட் தபாலில் வருகிறது. சாட்சிப் பக்கத்தை மேலே வைத்திருக்கிறேன்.