ஒரே வளாகம், இரண்டு சீட்டு

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், அந்தத் துறையின்கீழ் ஒரே வளாகத்தில் தனித்தனி அறைகளில் நோயாளிகளைப் பார்க்கும் ஆங்கில மருத்துவர்களுக்கும் சித்த மருத்துவர்களுக்கும், வணக்கம்.

நான் மருத்துவன் இல்லை. ஒரு சிறு நகரத்தில், அரசு மருத்துவமனைக்கு எதிர்சாரியில் 26 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அலோபதி உசத்தியா சித்தா உசத்தியா என்ற சண்டை என் கடை வாசலில் தினமும் நடக்கும். 'இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் காலி பண்ணிரும்' என்பார் ஒருவர். 'அதெல்லாம் சும்மா புல்லும் பூண்டும்' என்பார் இன்னொருவர். நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பேன். போன வருடம் என் சித்திக்கு நடந்ததற்குப் பிறகு அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை.

சித்திக்கு 67 வயது. பத்து வருடமாகக் கொதிப்பு உண்டு. அம்லோடிபின் ஒன்று போட்டால் போதும், அடங்கியிருக்கும். திடீரென்று 170, 180 என்று ஏற ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தார். அப்புறம் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை. மூன்றாவது வாரம் கால் துவண்டு, வாசற்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

அவருடைய மாத்திரைகளை எடுத்துவரப் போனவன் அடுப்படியில் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழுப்புப் பொடி. நாக்கில் வைத்தால் இனித்தது. அதிமதுரம்.

வறட்டு இருமலுக்கு அதே மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கொடுத்தது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள் சாப்பிடச் சொல்லி அந்த மருத்துவர் சீட்டில் எழுதியும் இருந்தார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். இருமல் நின்றது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று சித்திதான் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாங்கிப் பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறார், வேளைக்கு ஒரு ஸ்பூன். அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்று ஒன்று இருக்கிறது. அது நாள்பட அதிகமாக உள்ளே போனால் உடம்பில் உப்பைத் தேக்கிவிட்டுப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், கொதிப்பை ஏற்றும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற ரகம்தான். ஏறிய கொதிப்புக்கு நீர் மாத்திரை எழுதியதிலும் தப்பில்லை. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகிறது என்பது மட்டும் இரண்டு அறைக்கும் தெரியாது. பொடியை நிறுத்திய சில வாரங்களில் சித்தி பழையபடி ஒற்றை மாத்திரைக்கு வந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை சித்தி?"

"திட்டுவாருய்யா. அதுவும் இது என்ன மருந்தா, வேருதானே."

சரி, சித்தப் பிரிவிலாவது கொதிப்பு மாத்திரையைச் சொன்னாரா என்றால், அங்கேயும் இல்லை. "அதை விட்டாத்தான் இது வேலை செய்யும்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

இரண்டு பக்கமும் பயம். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். முந்தானை முடிச்சிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, 'இதோட இந்த மாத்திரையைப் போடலாமா தம்பி' என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறார்கள்.

சித்த மருத்துவர்களே, ஒரு மருந்தை இன்னொரு பொருள் கெடுக்கும் என்பது உங்களுக்குப் புதிதா? மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரை கூடாது, மருந்தை முறித்துவிடும் என்று எங்கள் பாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். பத்தியம் என்று மீன், புளி, கத்திரிக்காய் வரை ஒவ்வொன்றாக விசாரிக்கிறீர்கள். காலையில் விழுங்கிய மாத்திரையையும் அந்த விசாரணையில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

ஆங்கில மருத்துவர்களே, 'புல்லும் பூண்டும்' என்று நீங்கள் சிரிப்பதால்தான் சித்தி வாயைத் திறக்கவில்லை. என் கடையில் அதிகம் விற்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவில் முளைக்கும் ஒரு செடிதான். செடியில் ஒன்றுமில்லை என்றால் அதிமதுரம் எப்படிப் பொட்டாசியத்தை இறக்கியது? கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளும்பெர்குடன் சேர்ந்து, லான்செட் மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கீழாநெல்லி வகைச் செடியின் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது; வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிறகு செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு அந்த முடிவு ஏமாற்றம்தான். ஆனால் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், அதனால் ஏற்றுக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்க்க முதலில் எழுதி வைத்திருக்க வேண்டுமே. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்வி. சாப்பிட்டது என்ன, எத்தனை நாள் என்பது முதல் நாளே ஒரு சீட்டில் ஏறியிருந்தால் இந்தச் சண்டையில் பாதி நடந்தே இருக்காது.

அதிகாரிகளே, நான் கேட்பது பெரிய திட்டமல்ல. ஓ.பி. சீட்டில் ஒரு வரி: 'வேறு என்ன மருந்து, பொடி, லேகியம், கஷாயம் சாப்பிடுகிறீர்கள்?' இரண்டு பிரிவுச் சீட்டிலும் அதே வரி. நிரப்பாமல் மருந்து எழுதக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிற பெண்களுக்கு அடுப்படி வரைக்கும் பழக்கம். டாக்டரிடம் மறைக்கும் பாட்டிலை அவர்களிடம் எடுத்துக் காட்டுவார்கள். அவர்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம் அந்தப் பொட்டலம். டப்பாவில் விற்கும் சித்த மருந்தில் என்னென்ன சரக்கு என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். வைத்தியர் தன் நோயாளிக்குத் தானே செய்து தரும் மருந்துக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. நல்ல வைத்தியர்களுக்காக வைத்த விலக்கு அது. ஆனால் மூட்டு வலியை இரண்டே நாளில் நிறுத்தும் பெயரில்லாப் பொடியைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரக்கின் பெயரைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதித் தருவதில் எந்தப் பரம்பரை ரகசியம் போய்விடும்?

சித்திக்கு இன்னும் இருமல் வருகிறது. சித்தப் பிரிவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சீட்டையும் இப்போது ஒரே மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வருவார். நீங்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
எதிர்சாரி மருந்துக் கடைக்காரன்