கமுங்காய் என்று கேள்

மாப்ளே,

ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். கேள், தப்பில்லை. தங்கச்சி கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்தது, பத்தே நாளில் தீர்ந்தது. பாட்டில் மட்டும் என்னிடம் இருக்கிறது. முட்டி வலி அப்படியே. மற்றபடி சுகம்.

மீசை போன் பண்ணினான். நீயும் தங்கச்சியும் பிலிப்பைன்ஸ் கிளம்புகிறீர்களாம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று 2025-இல் சொன்னதுமே உனக்குக் கால் அரித்திருக்கும். போ. ஆனால் மணிலா, போராக்காய், போஹோல், பலாவான் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்த அட்டவணையை மீசை வாசித்துக் காட்டியபோது எனக்கு நம்ம காலேஜ் டூர்தான் ஞாபகம் வந்தது. மைசூரில் நீ என்ன பார்த்தாய்? பஸ்ஸின் பின்கண்ணாடி. அந்த 14 நாளில் ஐந்தை வெட்டி எடுத்துக்கொண்டு துமகெத்தேயில் போய் உட்கார். நீக்ரோஸ் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எங்கள் கப்பலில் டெக் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த போசனின் ஊர். கப்பலில் எந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டினாலும் “இதெல்லாம் ஊரா” என்று உதட்டைப் பிதுக்குவார். போன பிப்ரவரியில்தான் போய்ப் பார்த்தேன். அவர் பிதுக்கியதில் நியாயம் இருந்தது.

மணிலாவிலிருந்து விமானத்தில் போனால் பக்கத்து ஊர் சிபுலானில் இறங்குவாய், துமகெத்தே எட்டின தூரம்தான். நான் பக்கத்துத் தீவான செபூவிலிருந்து மஞ்சள் நிற செரெஸ் பஸ் பிடித்தேன். கடலை விடாமல் தெற்கே இறங்கி லிலோவான் துறை வரும். அங்கிருந்து சிபுலானுக்குப் படகில் அரை மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்தால் பஸ்தான் உசத்தி.

தங்குவதற்கு ரிசால் பூல்வார்டையே பிடி. கடற்கரைச் சாலை, விடியும்போது சூரியன் நேரே முகத்துக்கு வரும். அங்கே வாடகை அதிகம் என்றால் இரண்டு தெரு உள்ளே தள்ளி ‘பென்ஷன் ஹவுஸ்’ இருக்கிறது. உன் மாதிரிப் பென்ஷன்காரர்களுக்கு என்று நினைத்துவிடாதே, குடும்பம் நடத்தும் சின்ன லாட்ஜ். நான் முதல் இரண்டு ராத்திரி மலிவு பார்த்து ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கீழ்வீட்டில் வீடியோக்கே, அதாவது திரையில் வரியைப் பார்த்து மைக்கில் பாடுகிற கரோக்கே. ஒரு பெரியவர் நள்ளிரவு தாண்டியும் ஒரே பாட்டை ஒன்பது தடவை பாடினார். ஒன்பதாவது தடவை சுருதி சேர்ந்துவிட்டது, அதுதான் கொடுமை. அறை எடுக்குமுன் சுடுதண்ணீர் வருமா என்று கேட்காதே, பக்கத்தில் வீடியோக்கே உண்டா என்று கேள்.

ஊருக்குள் சுற்றப் பெடிகாப். மிதிக்கிற வண்டியில்லை, மோட்டார் சைக்கிளோடு பெட்டி கட்டியது. ஆறு பேர் அடைந்துகொள்வார்கள். கையைக் காட்டி இடத்தைச் சொல்ல வேண்டும். அவன் போகிற வழியாக இருந்தால் தலையாட்டுவான், இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பான். நம்ம ஷேர் ஆட்டோதான், சண்டை மட்டும் கிடையாது. வெளியூர் போக ஜீப்னி, ஜீப்பை நீட்டிக் கட்டிய மினி பஸ். இறங்குமிடம் வந்தால் “லுகார் லாங்” என்று குரல் கொடு.

இனி சாப்பாடு. உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். அந்த ஊரில் ஒரு சைவப் பிள்ளை என்ன சாப்பிடுவான் என்ற கவலையில் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. ரயிலில் நீ சாப்பிட்ட ஆம்லெட் பற்றி நான் இன்றுவரை வாய் திறந்ததில்லை, ஆனால் தங்கச்சி நிஜ சைவம்.

காலையில் பிரச்சினையே இல்லை. நேரே பொது மார்க்கெட்டுக்குள் போ. ‘பாய்னிதான்’ என்று பெஞ்சு போட்ட கடைகள் வரிசையாக இருக்கும். புட்புட் கபோக் கேள். சிறுதானியத்தைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வாழையிலையில் சுருட்டி அவித்தது. இலையைப் பிரித்ததும் நம்ம இலைக் கொழுக்கட்டை வாசனை அப்படியே வருகிறது. கூடவே சிக்வாத்தே, கொக்கோ வட்டைக் கரைத்துக் கட்டையால் கடைந்த கெட்டிக் கஷாயம். மாம்பழம் ஒரு துண்டு. புத்தோ மாயா என்று இன்னொன்று, பெயரைக் கேட்டு புட்டு என்று பாய்ந்தேன். இல்லை, இஞ்சியும் தேங்காய்ப்பாலும் போட்ட ஒட்டரிசிச் சோறு. அதுவும் சைவம்தான்.

மத்தியானம்தான் வம்பு. கரிந்தேரியா என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் சட்டிகளை வரிசையாக மூடி வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்து பார்த்துக் கேட்கலாம். ஒன்றில் பூசணி, கத்தரி, வெண்டை, மேலே முருங்கைக்கீரை. எனக்கு வீட்டு ஞாபகம் வந்து கண்ணே கலங்கிவிட்டது. அந்தக் கீரைக்கு அங்கே கமுங்காய் என்று பெயர். முருங்கைக்குத் தங்கச்சி முறை மாதிரி இல்லை? மீன் வேண்டாம் என்று கையசைத்தேன். அந்த அம்மா கரண்டியை விட்டுத் துழாவி, அடியில் கிடந்த கருவாட்டை வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆச்சு என்பதுபோல் சிரித்தாள். நான் சாப்பிட்டேன், நமக்கென்ன. நீ செத்திருப்பாய். கருவாட்டுக்கு புலாட் என்று சொல்கிறார்கள். புலால் என்று ஞாபகம் வைத்துக்கொள், மறக்காது. “வலாய் இஸ்டா, வலாய் பாபொய்” என்று சமைக்குமுன்பே சொல், மீனும் பன்றியும் வேண்டாம் என்று அர்த்தம். கினாமோஸ் என்று மீனை ஊறவைத்த விழுது ஒன்று உண்டு, அதையும் விசாரித்துக்கொள். புதன்கிழமை துமகெத்தேக்குத் தெற்கே மலதபாயில் கூடும் சந்தைக்குத் தங்கச்சியைக் கூட்டிப் போகாதே. முழுப் பன்றியைக் கழியில் கோத்துச் சுடுவார்கள்.

ஆனால் வேறொரு நாள் அதே மலதபாய்க்குப் போ. ஆப்போ தீவுக்கு அங்கேதான் படகு.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. துமகெத்தே தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது, கடல்கொள்ளைக்காரர்கள் வந்தால் மணியடித்து எச்சரித்த கூண்டு. கீழே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சுவரில் கை வைத்தேன். பவளக்கல். விரலில் அதே சொரசொரப்பு. எங்கள் தாத்தா வள்ளத்தில் அள்ளிவந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போட்ட பவளச் சல்லியேதான். அந்தக் காசில்தான் அப்பா படித்தார், அப்பா படித்ததால்தான் நான் கப்பலேறினேன். இப்படிப் பவளத்தை அள்ளியதில், தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலங்குசல்லித் தீவு இப்போது தண்ணீருக்கு அடியில். சின்ன வயதில் தாத்தா விரல் நீட்டிக் காட்டியது அது.

ஆப்போவிலும் ஒரு காலத்தில் வெடி வைத்து மீன் பிடித்தார்கள். 1980-களில் துமகெத்தேயின் சில்லிமான் பல்கலைக்கழகத்துக் கடலுயிர் ஆராய்ச்சிக்காரர் ஆஞ்செல் அல்கலாவும் கூட்டாளிகளும் தீவுக்காரர்களோடு பேசிப் பேசி, கரையோரத்தில் ஒரு துண்டுக் கடலில் வலையே போடக்கூடாது என்று ஒத்துக்கொள்ள வைத்தார்கள். காவலும் தீவுக்காரர்களே. உள்ளே பெருகிய மீன் வெளியே வழிந்து அவர்கள் வலைக்கே வந்தது. 2011, 2012 புயல்களில் அந்தத் துண்டு நொறுங்கிப்போனது. அப்படியும் காவலை விடவில்லை. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். ஓர் ஆமை என் முழங்காலை உரசாத குறையாகப் புல் மேய்ந்துகொண்டு போனது, மாடு மாதிரி, என்னைச் சட்டையே பண்ணாமல். போசன் கரையிலிருந்து ஏதோ கத்தினார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தாத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும், அவர் சுலபத்தில் எதையும் ஒத்துக்கொள்கிறவர் இல்லை.

சரி, விடு. சாயங்காலம் சில்லிமான் வளாகத்துக்குள் நட. 1901-இல் ஆரம்பித்தது. உள்ளே நிற்கிற பெரிய மரங்களை அவர்கள் அகேசியா என்கிறார்கள், கிட்டே போனால் நம்ம தூங்குமூஞ்சி மரம். சான்ஸ் ரிவால் கடையில் சில்வானாஸ் என்று குளிரக் குளிர ஒன்று தருவார்கள், முந்திரியும் வெண்ணெயும். முட்டையும் உண்டு. நீ தனியாகப் போய்க்கொள்.

டிக்கெட் போட்டதும் எழுது, போசனிடம் சொல்லி வைக்கிறேன். வரும்போது மார்க்கெட்டில் எனக்குக் கொக்கோ வட்டு பத்து வாங்கி வா, தாப்லேயா என்று கேட்டால் தருவார்கள். ஊறுகாய் பாட்டிலை அன்றைக்குத் தருகிறேன்.

உன்
முட்டிவலிக்காரன்