அடுத்த சித்திரையில் நீயும் வா

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரிலேயே வேலை அமைந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஆளியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் ஊர் அமைதி, நின்றால் டீக்கடையில் மணக்கடவுக் கணக்கு, அதாவது தமிழ்நாடு அங்கே கேரளத்துக்கு விட வேண்டிய தண்ணீர்க் கணக்கு. வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்கிற எண் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். வெயில் 40 டிகிரி. அந்த வெயிலில்தான் நம் கோஷ்டி கடல் பக்கம் கிளம்பியது. என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

வண்டி மில்லுக்காரனுடையது. திட்டம் போட்டது வாத்தியாரின் பையன், அதனால் திட்டம் முழுக்க தீம் பார்க். இடையிடையே பீச், அதுவும் நாங்கள் கெஞ்சியதால். நெம்மாரா, வடக்கஞ்சேரி தாண்டி ஹைவே பிடித்தோம். குதிரான் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் லாரி நிற்க, நாம் இறங்கி நின்று வேர்க்கடலை தின்ற காலம் ஞாபகம் இருக்கிறதா? 2021-இல் சுரங்கம் திறந்துவிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மில்லுக்காரன் ஆரம்பித்த கதை முடிவதற்குள் திருச்சூர்ப் பக்கம் வந்துவிட்டோம்.

சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி போகிற சாலையில் ட்ரீம் வேர்ல்ட், சில்வர் ஸ்டார்ம் என்று இரண்டு பார்க். கோடையில் அருவி மெலிந்து கிடக்கிறது, கூட்டமெல்லாம் குழாய்த் தண்ணீரில். பையனுக்கு அவை போதாதாம். நேராகக் கொச்சிக்குக் கிழக்கே பள்ளிக்கரைக் குன்றில் இருக்கிற வொண்டர்லாவுக்குத்தான் வண்டியை விடச் சொன்னான். வீகாலாண்ட் என்று பழைய பெயரைச் சொன்னால் உனக்குத் தெரியும். ஸ்டெபிலைசர் விற்கும் வி-கார்டு கம்பெனிக்காரர் 2000-இல் தொடங்கியது. அப்போது நம் பக்கத்தில் கல்யாணமான ஜோடியெல்லாம் ஆல்பத்தோடு திரும்பிய இடம்.

தண்ணீர்ப் பக்கம் போக நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் போட வேண்டும், பருத்தி கூடாது. மில்லுக்காரன் பூப்போட்ட நைலான் டவுசர் வாங்கினான். நூல் மில் நடத்துகிறவனுக்கு அந்தக் கோலம் தேவைதான். ரோலர் கோஸ்டர் வரிசையில் வாத்தியார் பாடம் ஆரம்பித்துவிட்டான். வண்டிக்கு எஞ்சின் கிடையாதாம். சங்கிலி உச்சிவரை இழுத்து விடும், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். தலைகீழாகச் சுற்றும் வளையத்தைச் சரியான வட்டமாகக் கட்ட மாட்டார்களாம். வட்டமாக இருந்தால் அடியில் நுழையும்போதே உடம்பின் மேல் விழும் அழுத்தம் தாங்காது, அதனால் மேலே குறுகலாக, நீர்த்துளி மாதிரி இருக்கும். முன்னால் நின்ற மலையாளிப் பையன்கள்கூடத் திரும்பி நின்று கேட்டார்கள். ஏறி உட்கார்ந்து கம்பி பூட்டியதும் வாத்தியாரிடமிருந்து வந்தது முருகா, முருகா மட்டும்.

அலைக்குளத்தில் சைரன் ஊதினால் ஜனம் மொத்தமும் ஆழத்தைப் பார்த்து ஓடுகிறது. சுவருக்குப் பின்னால் அறைக்குள் காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளுவார்கள், அலை வரும். நிறுத்தினால் நின்றுவிடும். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை, பள்ளிக்கூட லீவு வேறு. ஆடியதைவிட வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

அப்புறம் கொச்சிக் கோட்டையிலிருந்து ரோ-ரோ படகில் வண்டியோடு ஏறி வைப்பின் தீவுக்குப் போனோம். வழியில் ஒரு கள்ளுக்கடையில் மத்தி வறுவலும் மரவள்ளிக் கப்பையும். கள்ளு எந்த ஊர் என்று மில்லுக்காரன் கேட்டான். சித்தூர் என்றார் கடைக்காரர். நம் தாலுகாவிலிருந்து விடிகாலையில் வண்டி வண்டியாகத் தெற்கே போகிறதே, அதுதான். இவ்வளவு டீசல் எரித்துப் போய் நம்மூர் மரத்துக் கள்ளைக் குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

செறாய் பீச்சுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். வானத்தில் மேகம் இல்லை, இலை அசையவில்லை. ஆனால் சிவப்புக் கொடி நட்டிருந்தது. லைஃப்கார்டு விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காற்றே இல்லாமல் கடல் படிக்கட்டுவரை ஏறி ஏறி வந்தது. சுலைமானி என்கிற கட்டன் டீ விற்ற பெரியவர் சாதாரணமாகச் சொன்னார், இது கள்ளக்கடல், சித்திரை வைகாசியில் இப்படி வரும் என்று. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடிக்கிற புயல்தான் காரணம். அங்கே எழும்பிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து, சில நாள் கழித்து இங்கே கரையேறுகிறது. ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புகிறது. பெரியவருக்குச் செல்போனிலும் வந்திருந்தது, அதற்கு முன்பே தெரிந்தும் இருந்தது.

பார்க்கில் ஒரு ராட்டினம் பாக்கி வைக்காத பையன் அங்கே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். யாரும் யாரையும் எழுப்பவில்லை. திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும் கடலைப் பார்த்த நமக்குச் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதே ஒரு புதுமை. அன்றைக்கு அதற்குக் கீழே கடல் வேறு அப்படி எகிறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கொடியை எடுத்துவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றோம். அதற்குள் அடுத்த ஊருக்கு நேரமாயிற்று என்று பையன் ஹாரன் அடித்தான்.

கொடுங்கல்லூரில் பகவதியைக் கும்பிட்டோம். பரணித் திருவிழாக் கூட்டம் முடிந்து கோயில் காலியாக இருந்தது. தளிக்குளம் ஸ்நேகதீரம் பீச்சில் ஐஸ்கிரீம் தின்றதோடு சரி, பாதி பேர் தூங்கிவிட்டார்கள்.

அதனால் அடுத்த சித்திரைக்கு நான் திட்டம் போடுகிறேன். முதலில் செறாய், அங்கேயே தங்கல். பார்க் ஒன்றே ஒன்று, அதுவும் லீவு விடும் முன்னால், வார நாளில், கடைசியாக. ஜூன் பிறந்தால் மழை வந்துவிடும், ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை முடியும்வரை கேரளத்தில் விசைப்படகுக்கும் தடை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லேயே தடை தொடங்கி ஜூன் 14 வரை இருப்பதால், அந்தச் சமயத்தில் நல்ல மீன் வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். உனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படாது.

வீட்டில் இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் மில்லில் ஆடிட், மச்சான் வீட்டு விசேஷம் என்று ஆரம்பிக்காதே. பாலக்காடு டவுன் ஸ்டேஷனில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது. அதற்கு நான் வருகிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்