பிஜி பண்ணணுமான்னு கேக்குற பசங்களுக்கு ஒரு முழு நாள காட்டுங்க: பல் மருத்துவ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருத்துவக் கல்லூரியில பாடம் எடுக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஜெனரல் டென்டிஸ்ட். ஃபைனல் இயர் பசங்களும் இன்டர்ன்ஸும் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பிஜி, அதாவது மேல்படிப்பு, பண்ணணுமா வேண்டாமா, பண்ணா எந்த பிராஞ்ச்ல பண்ணணும். எதுல சீட் கெடைக்கிறது கஷ்டம், எதுக்கு மதிப்பு ஜாஸ்தி, எதுல நல்லா சம்பாதிக்கலாம், இதெல்லாம் விரல் நுனியில வச்சிருக்காங்க. ஆனா அந்த பிராஞ்ச்ல இருக்குற ஒருத்தர் காலையில கிளினிக் தொறந்ததுலருந்து சாயங்காலம் கைய கழுவிட்டு கெளம்புற வரைக்கும் என்னதான் பண்றாருன்னு கேட்டா பதில் இல்ல. இத பசங்க மேல உள்ள குறையா நான் பாக்கல, அவங்களுக்கு யாரும் காட்டல, அவ்ளோதான். அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன்.

போஸ்டிங்ல (ஒவ்வொரு பிராஞ்ச்லயும் கொஞ்ச நாள் போயி வேலை பழகுறது) பாக்குறாங்களேன்னு நீங்க சொல்லலாம். போஸ்டிங்ல பசங்க பாக்குறது கோட்டாவத்தான். இத்தனை எக்ஸ்ட்ராக்ஷன் (பல்லு எடுக்குறது), இத்தனை ஸ்கேலிங் (பல்லு சுத்தம் பண்றது), இத்தனை டென்ச்சர் (பல்செட்), கையெழுத்து வாங்குனா முடிஞ்சுது. பல்வரிசைய நேராக்குற ஆர்த்தோ போஸ்டிங்ல ஒயர் வளைச்சு அப்ளையன்ஸ் செஞ்சவங்களுக்கு, ஒரு பேஷண்ட்ட ஒன்றரை வருஷம் ரெண்டு வருஷம் மாசாமாசம் வரவச்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஒயர் மாத்தி அனுப்பிட்டே இருக்குறது எப்படி இருக்கும்னு தெரிய வாய்ப்பே இல்ல. அங்க உண்மையான வேலை ஆரம்பத்துலயே பிளான் போடும்போது மண்டைக்குள்ள நடக்குது, பலன் ரொம்ப மெதுவா வருது, ட்ரீட்மெண்ட் முடிஞ்ச பிறகும் ரீடெய்னர் (பல்ல அந்த எடத்துலயே பிடிச்சு வைக்கிற கிளிப்) போடாம விட்டா பல்லு பழைய எடத்துக்கே நகர ஆரம்பிச்சிடும். பொறுமையா காத்திருந்து பாக்குறதுல சந்தோஷப்படுற ஆளுக்கு இது அருமையான பிராஞ்ச், உக்காந்த சீட்லயே வேலை முடிஞ்சத பாக்கணும்னு நினைக்கிற ஆளுக்கு தண்டனை. ரெண்டு பேருக்கும் கெடைக்கிற மார்க் ஒண்ணா இருக்கலாம், குணம் ஒண்ணு இல்லையே.

ரூட் கெனால் வேலை பண்ற எண்டோவ எடுத்துக்கங்க. மேல் தாடை முதல் கடவாய்ப்பல்லுல மீசியோபக்கல் வேர்ல (முன்பக்கம் கன்னத்த ஒட்டி இருக்குற வேர்) ரெண்டாவதா ஒரு கெனால், அதாவது வேருக்குள்ள ஓடுற மெல்லிசான குழாய், பெரும்பாலும் இருக்கும், ஆனா வாய் தொறந்து கெடக்காது, அது மேல டென்டின் (எனாமலுக்கு உள்ள இருக்குற கெட்டியான பகுதி) மூடியிருக்கும். மைக்ரோஸ்கோப்ப வச்சு அல்ட்ராசானிக் டிப்பால கொஞ்சம் கொஞ்சமா சொரண்டி, பல்லுக்குள்ள இருக்குற குழியோட தரையில இருக்குற அந்த மெல்லிசான கோட்டப் பின்தொடர்ந்து போயி, ஃபைல் (கெனால சுத்தம் பண்ற ஊசி மாதிரி கருவி) நுனி லேசா மாட்டுதான்னு பாக்கணும், கொஞ்சம் தடம் மாறுனாலும் தரை ஓட்டையாயிடும். சில நேரம் அரை மணி நேரம் இந்த ஒரு புள்ளியிலயே போயிடும். அந்த ஃபைல் மாட்டுற நிமிஷத்துக்காகவே வேலை பாக்குறவங்க இருக்காங்க, அவங்கள யாரும் தடுக்கக் கூடாது. அந்த அரை மணி நேரத்துல கழுத்து வலி மட்டுமே ஞாபகம் இருக்குறவங்கள, சீட் கெடச்சிடுச்சுங்கிற ஒரே காரணத்துக்காக உள்ள தள்ளவும் கூடாது.

கொழந்தைங்க பல்ல பாக்குற பீடோல பல்ல தொடுறதுக்கு முன்னாடி நடக்குற பேச்சுதான் பாதி வேலை. சொல்லணும், காட்டணும், அப்புறம்தான் செய்யணும், கூடவே பயந்துபோயி நிக்கிற அப்பா அம்மாவையும் பாத்துக்கணும். வாய்த் திசுவ மைக்ரோஸ்கோப்ல பாத்து நோய கண்டுபிடிக்கிற ஓரல் பேத்தாலஜில பேஷண்ட் முகத்தையே பாக்காம ஸ்லைட் முன்னாடி உக்காந்திருப்பீங்க, ஆனா வாய்ல எடுத்த ஒரு சின்னத் துண்ட பாத்து நீங்க எழுதுற ரெண்டு வரிலதான் ஒருத்தரோட அடுத்த ட்ரீட்மெண்ட்டே இருக்கு. அந்த பிராஞ்ச்ல வேலை பெரும்பாலும் காலேஜ்லயும் பெரிய ஆஸ்பத்திரி லேப்லயும்தான்னு சேர்றதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சேந்த பிறகு தெரிஞ்சுக்குற பசங்கள பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது.

இன்னொண்ணும் சொல்லணும். ஸ்பெஷாலிட்டிங்கிறது எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி கெடையாது. அமெரிக்கால 12 ஸ்பெஷாலிட்டிக்கு அங்கீகாரம் இருக்கு, பிரிட்டன்ல 13, ஐரோப்பிய யூனியன்ல ஒரு நாட்டுலருந்து இன்னொரு நாட்டுக்குப் போனா தானா செல்லுபடியாகுற மாதிரி 2005 சட்டத்துல இருக்குறது ஆர்த்தோவும் ஓரல் சர்ஜரியும் மட்டும்தான். வேற நாட்டுக்குப் போகணும்னு நினைக்கிற பையனோ பொண்ணோ மூணு வருஷத்த செலவழிச்சிட்டு அங்க போயி, இந்தப் பேர்ல எங்ககிட்ட லிஸ்ட்டே இல்லன்னு கேக்குறது எவ்ளோ பெரிய அடி. எங்க வாழப்போறோம்ங்கிறத முதல்ல யோசிக்கச் சொல்லுங்க.

எனக்கு ரொம்ப வலிக்கிறது, வைவாலயும் (வாய்மொழித் தேர்வு) வார்டுலயும் கேக்குற அந்தக் கேள்வி, "பிஜி பண்ணாம வெறும் டென்டிஸ்டாவா இருக்கப்போற?" அந்த வெறும்ங்கிற வார்த்தைய தயவுசெஞ்சு விட்டுடுங்க. பல்லு வலின்னு வர்றவரு முதல்ல வர்றது எங்ககிட்டதான். ஃபில்லிங்குக்கு வந்தவரு கன்னத்துக்குள்ள சொரண்டுனா வராத வெள்ளத் திட்டு இருக்குறத பாத்து பயாப்ஸிக்கு (சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது) அனுப்புறது ஜெனரல் டென்டிஸ்ட். கீழ் ஞானப்பல் எக்ஸ்ரேல வேர் மேல கருப்பா ஒரு பட்டை ஓடி, நரம்புக் குழாயோட வெள்ளக் கோடு அந்த எடத்துல அறுந்து தெரிஞ்சா, இது நம்ம கைக்கு வேண்டாம் சர்ஜன்கிட்ட போகட்டும்னு நிறுத்திக்கிறதும் அதே ஆளுதான். எப்ப தொடக் கூடாதுன்னு தெரியுறதும் படிப்புதானே சார். ஒவ்வொரு ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் புக்கும் நிறையிறதே ஜெனரல் டென்டிஸ்ட் ரெஃபர் பண்ணி அனுப்புற கேஸாலதான், இத மொதல்ல சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்க.

முடிச்ச உடனே பிஜிக்கு ஓடணும்னும் இல்ல. ஒண்ணு ரெண்டு வருஷம் வேலை பாத்தா, தான் போட்ட ஃபில்லிங் உடைஞ்சு திரும்பி வர்றத தானே பாப்பாங்க, எந்த கேஸ் வந்தா மனசு துள்ளுது எது வந்தா சலிப்பா இருக்குன்னு கையே சொல்லும். கேப் விட்டா படிச்சது மறந்துடும், கடன் இருக்கு, வீட்ல அவசரப்படுத்துறாங்கன்னு பசங்க சொல்றதும் உண்மைதான், அத லேசா தள்ளிவிட முடியாது. செகண்ட் இயர்லருந்தே சர்ஜரி தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொண்ணு இருந்தா அவள நேரா போகவிடுங்க, அவளுக்குக் காத்திருக்க ஒரு அவசியமும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு தாடை உடைஞ்ச கேஸ் வந்தா எழுந்து ஓடணும்ங்கிறத மட்டும் ஒருதடவ நேர்ல பாத்துட்டுப் போகட்டும்.

நான் கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல. இன்டர்ன்ஷிப் டைம்டேபிள்ல சில நாள ஒதுக்கி, ஒரு நாள் ஒரு எண்டோடான்டிஸ்ட்கிட்ட, ஒரு நாள் ஆர்த்தோகிட்ட, ஒரு நாள் ஜெனரல் பிராக்டிஸ்லன்னு காலையிலருந்து மூடுற வரைக்கும் சும்மா உக்கார வைங்க. கோட்டா வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஃபெயிலாகி திரும்பி வந்த கேஸும் கண்ணுல படணும். நீங்களும் உங்க பிராஞ்ச்ல உங்களுக்கு சலிப்பு தட்டுறது எது, எந்த காம்ப்ளிகேஷன் தூங்கவிடலன்னு ஒரு மணி நேரம் பசங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுங்க, பெருமைய மட்டும் கேட்டு வளந்த பசங்களுக்கு அதுதான் தேவைப்படுது. என் கிளினிக்ல ஒரு நேரத்துல ரெண்டு பேர் உக்கார எடம் இருக்கு, பேஷண்ட்கிட்ட அனுமதி நானே கேட்டு வச்சுக்குறேன், எந்த வாரம் அனுப்புறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.